இங்கிலாந்தின் கிராமத்துச் சர்ச்சுகளில் என்ன பார்ப்பது, எங்கே தொடங்குவது?

"லண்டனில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு கிராமப்பக்கம் போகிறோம். ஊருக்கு ஊர் ஒரு பழைய சர்ச் நிற்கிறது. நாங்கள் இந்துக்கள். உள்ளே போகலாமா? இரண்டு மூன்று பார்த்தோம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவற்றில் என்னதான் பார்ப்பது? எந்த ஊருக்குப் போவது?" இதுதான் கேள்வி. நான் இந்த நாட்டின் கிழக்குப் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறேன். இந்தச் சர்ச்சுகளைப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தாராளமாகப் போகலாம். நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பெரும்பாலும் உள்ளே கேட்பதற்கு ஆளே இருக்க மாட்டார்கள். பகலில் திறந்து வைத்துவிட்டு, சாயங்காலம் ஊர்க்காரர் ஒருவர் வந்து பூட்டிக்கொண்டு போவார். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வயல்வழியாக நடந்து வந்து காலெல்லாம் சேறாக இருந்தால் மட்டும் பூட்ஸை வாசல் மண்டபத்திலேயே விட்டுவிடுங்கள். ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். மற்ற நேரத்தில் எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாசல் மண்டபத்தில் கம்பிவலை போட்ட கதவு ஒன்று இருந்தால் உள்ளே போனதும் சாத்திவிடுங்கள். அது பறவைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க வைத்தது.

கதவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பெரிய ஓக் மரக் கதவு, நடுவில் கனத்த இரும்பு வளையம். தள்ளிப் பார்த்துவிட்டு "பூட்டியிருக்கிறது" என்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். வளையத்தைக் கையால் பிடித்து முறுக்க வேண்டும். உள்பக்கம் தாழ்ப்பாள் தூக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு பக்கம் முறுக்கித் திறக்காவிட்டால் மறுபக்கம் முறுக்கிப் பாருங்கள். நிஜமாகவே பூட்டியிருந்தால் சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். சாவியோடு ஊர்க்கதையும் கிடைக்கும்.

சரி, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதில் தவறில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது விக்டோரியா ராணி காலத்து வேலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி சில பத்தாண்டுகளுக்குள், இந்த நாட்டின் பெரும்பாலான பழைய சர்ச்சுகளைப் "புதுப்பிக்கிறேன்" என்று இறங்கிவிட்டார்கள். பளபளக்கும் தரை ஓடு, வரிசையாக ஒரே அச்சில் பெஞ்சு, சுவர்ப்பூச்சைச் சுரண்டி எடுத்துக் கல்லைக் காட்டியது எல்லாம் அந்தக் காலத்துக் கைவரிசை. சுரண்டிய பூச்சோடு எத்தனை ஓவியங்கள் போயினவோ. இதைக் கண்டு பொறுக்காமல்தான் வில்லியம் மோரிஸ் 1877இல் பழைய கட்டடங்களைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். நம் ஊரில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதையும், மணல்வீச்சு இயந்திரத்தால் சிற்பத்தைத் தேய்ப்பதையும் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு அவருடைய கோபம் புரியும். ஆகவே ஓட்டையும் பெஞ்சையும் விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் தேட வேண்டும்.

"இது எவ்வளவு பழசு?" என்ற கேள்வியோடு உள்ளே போகாதீர்கள். 12ஆம் நூற்றாண்டு, 14ஆம் நூற்றாண்டு என்று கேட்டுக் கேட்டு மூன்றாவது சர்ச்சிலேயே சலித்துவிடும். யார் காசு கொடுத்தார்கள், யார் உடைத்தார்கள், எது தப்பியது என்று பாருங்கள். இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு ஊரும் வேறு வேறு பதில் வைத்திருக்கிறது.

காசிலிருந்தே தொடங்கலாம். தெற்குக் கதவு வழியாக உள்ளே வந்து நின்றால் வலதுகைப் பக்கம் கிழக்கு. பீடம் அங்கேதான் இருக்கும். ஜனங்கள் உட்காரும் பெரிய கூடம் நடுவில். அதற்கும் பீடத்துக்கும் இடையில் ஒரு வளைவு. அந்த வளைவு பொறுப்பையும் பிரித்தது. பீடப் பகுதியைப் பராமரிப்பது ஊரின் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, வாங்கிக்கொண்ட குருவின் பொறுப்பு, கூடத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு. இது இடைக்காலச் சட்டம். அதனால்தான் பல ஊர்களில் இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும். தசமபாகம் தூரத்து மடத்துக்குப் போன ஊரில் பீடப் பகுதி சின்னதாக, ஏனோதானோவென்று இருக்கும். கூடமோ கம்பளிக் காசில் வானளாவ எழுந்திருக்கும். கூரை மட்டம் மாறும் இடத்தை வெளியிலிருந்து பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும்.

கம்பளிக் காசு என்றேன். அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க சஃபோக்கில் லாவன்ஹாமுக்குப் போகவேண்டும். இன்று அது சின்ன ஊர். 1520களின் வரிக்கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் முதல் இருபதுக்குள் இருந்தது. எல்லாம் நீலச்சாயம் தோய்த்த கம்பளித்துணி வியாபாரம். சர்ச் கோபுரம் 141 அடி. ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ஒருவரும் தாமஸ் ஸ்பிரிங் என்ற துணி வியாபாரியும் கட்டியது. கோபுரத்தைச் சுற்றி வியாபாரியின் குடும்பச் சின்னத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்து லாங் மெல்ஃபோர்டில் இன்னும் வெளிப்படை. வெளிச்சுவரில் உயரே கருப்புச் சிக்கிமுக்கிக் கல்லுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் எழுத்துகள் ஓடுகின்றன. இன்னின்னார் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்தவர்களின் பெயர்கள். நம் கோயில் டியூப்லைட்டில் "உபயம்" எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தச் சுவரையும் ஒருமுறை பார்க்கவேண்டும். ஆனால் இதில் வெறும் பெருமை மட்டும் இல்லை. செத்தபிறகு ஆன்மா உத்தரிக்கும் இடத்தில் வேகும், உயிரோடிருப்பவர்கள் வேண்டிக்கொண்டால் அந்தக் காலம் குறையும் என்று அவர்கள் முழுமையாக நம்பினார்கள். கல்லில் பெயர் இருந்தால் வருகிறவன் போகிறவனெல்லாம் ஒரு வேண்டுதல் சொல்வான். அதற்குத்தான் காசு.

அந்த நம்பிக்கையைத்தான் 16ஆம் நூற்றாண்டில் அரசாங்கமே தடை செய்தது. எட்டாம் ஹென்றி 1534இல் ரோமோடு உறவை முறித்ததைப் பள்ளியில் படித்திருப்போம். கிராமத்துச் சர்ச்சின் உள்பக்கம் தலைகீழானது அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547க்குப் பிறகு. சிலைகளை எடுத்தார்கள், சுவரோவியங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கூடத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் மரத்தட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு பரண், பரணுக்குமேல் பெரிய சிலுவையும் இருபக்கம் மரியாளும் யோவானும். அந்தச் சிலுவையை நாடு முழுக்க இறக்கினார்கள். பரண்களும் பெரும்பாலும் போயின.

நீங்கள் பார்த்த சர்ச்சுகளில் வளைவுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, எங்கும் போகாத ஒரு குட்டிக் கதவு இருந்ததா? இனிமேல் தேடுங்கள். அது அந்தப் பரணுக்கு ஏறிய படிக்கட்டின் மேல்வாசல். பரண் போய் 450 வருடத்துக்கு மேல் ஆகிறது. கதவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அதேபோல, கூடத்தின் பக்கவாட்டில் தெற்குச் சுவரில் கிண்ணம் போல் குழிந்த, அடியில் ஓட்டை வைத்த சின்ன மாடம் தெரிந்தால், அங்கே ஒரு காலத்தில் தனிப் பீடம் ஒன்று இருந்தது என்று அர்த்தம். பூசைப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றும் குழி அது. பீடத்தை இடித்தவர்கள் குழியை மறந்துவிட்டார்கள். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால், பிறகு எந்தச் சர்ச்சும் இன்னொன்று மாதிரி இருக்காது. குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள், உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது ஊர்கள். லண்டனிலிருந்து போய்வரத் தோதான இரண்டை முதலில் சொல்கிறேன்.

ஒன்று சால்டன். சர்ரே மாவட்டம், லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 சாலைக்குச் சற்று உட்பக்கம். க்ராய்டனில் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், அங்கிருந்து காரில் சிறிது தூரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒன்றுமில்லாத ஒரு சின்னக் கட்டடம். உள்ளே மேற்குச் சுவர் முழுக்க 1200ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. காவிச் சிவப்பில், மஞ்சளில், அகலம் 17 அடிக்குச் சற்று மேல். 1869இல் சுவருக்கு வேலை செய்யப்போய், சுண்ணாம்புக்கு அடியில் நிறம் தெரிந்ததால் வெளியே வந்தது. நடுவில் ஓர் ஏணி. ஆன்மாக்கள் அதில் ஏறப் பார்க்கின்றன, சில விழுகின்றன. கீழ்ப்பாதி நரகம். இரண்டு பேய்கள் ஓர் அண்டாவில் ஆட்களைப் போட்டு வேகவைக்கின்றன. ஒரு வட்டிக்காரன் தீயில் உட்கார்ந்திருக்கிறான், வாயிலிருந்து காசு கொட்டுகிறது. இன்னொரு பக்கம் ஆணிகள் நிறைந்த நீளப் பாலம். இரண்டு பேய்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, வியாபாரத்தில் ஏமாற்றியவர்கள் அதன்மேல் நடக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் தொழிலின் பொருள். அளவில் ஏமாற்றியவனை எல்லா ஊரும் இப்படித்தான் தண்டிக்க ஆசைப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரியாத சபை, லத்தீனில் ஓதும் குரு. ஜனங்களுக்குப் புரிந்த பிரசங்கம் இந்தச் சுவர்தான். அதில் பேய்களைத்தான் ஓவியர் ரசித்து வரைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். தேவதூதர்கள் கொஞ்சம் சோர்வாகத்தான் தெரிகிறார்கள்.

இரண்டாவது ஆஷ்வெல். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் வடக்கு ஓரம். இங்கே பார்க்கவேண்டியது எந்தச் சித்திரமும் இல்லை, கிறுக்கல். கோபுரத்தின் அடியில் உள்ளே போய் வடக்குச் சுவரைப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறை மாதிரி மிருதுவான கல். கத்திமுனையால் கீறலாம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். லத்தீன் வரிகள் மெல்ல மேலெழும்பி வரும். 1350ஆம் ஆண்டைக் குறித்துவிட்டு, கொள்ளைநோய் இரக்கமில்லாமல், மூர்க்கமாக வந்து போனது, சாட்சி சொல்ல மிஞ்சியது கேடுகெட்ட சனம்தான் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே 1361இல், புனித மவுருஸ் திருநாளன்று, உலகமெல்லாம் இடித்த பெருங்காற்றைப் பற்றி ஒரு வரி. அப்போது இங்கே வருடம் மார்ச்சில்தான் பிறக்கும், நம் கணக்கில் அது 1362 ஜனவரி 15.

1348இல் இங்கிலாந்துக்குள் வந்த அந்தப் பிளேக் நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொன்றது, பாதி என்றும் சொல்கிறார்கள். எந்த வரலாற்றுப் பாடத்திலும் இந்த எண் வரும். அந்த எண்ணுக்குள் இருந்து தப்பிய ஒருவர், கத்தியை எடுத்து, நிதானமாக, எழுத்தெழுத்தாகக் கீறிய சுவர் இது. கண்ணாடிப் பெட்டி கிடையாது, டிக்கெட் கிடையாது. தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிறது. தொடாதீர்கள், விரல் பட்டுப் பட்டு மழுங்கிவிடும். அதே சுவரில் பெரிய தேவாலயம் ஒன்றின் படமும் இருக்கிறது. 1666 லண்டன் தீயில் அழிந்த பழைய செயின்ட் பால்ஸ் என்று கருதுகிறார்கள். வேறோர் இடத்தில், மூலைக்கல் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டு எழுதியிருப்பதாகப் படிக்கிறார்கள். கொத்தனார்கள் ஒருவரை ஒருவர் திட்டுவது அன்றும் அப்படித்தான்.

ஆஷ்வெல்லில் பார்த்த இந்தக் கிறுக்கல் பழக்கம் மற்றப் பல சர்ச்சுகளிலும் உண்டு. வாசல் மண்டபத்தின் கல்லில், தூண்களில், காம்பஸ் வைத்து வரைந்த ஆறிதழ்ப் பூக்கள், கப்பல்கள், கை அச்சுகள் கிடைக்கும். டார்ச் இல்லாமல் போனால் இதில் பத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

வடகிழக்கே போகத் துணிந்தால் நார்ஃபோக், சஃபோக். நார்ஃபோக்கில் மட்டும் 650க்கு மேல் இடைக்காலச் சர்ச்சுகள் நிற்கின்றன. ஒரு மேட்டில் நின்று சுற்றிப் பார்த்தால் நாலைந்து கோபுரம் தெரியும். அவற்றில் 120க்கு மேல் உருண்டைக் கோபுரங்கள். அந்த மாவட்டத்தில் நல்ல கட்டடக்கல் கிடையாது. கிடைப்பதெல்லாம் உருளை உருளையாகச் சிக்கிமுக்கிக் கல். அதை வைத்து மூலை கட்ட முடியாது, மூலையே இல்லாமல் கட்டிவிட்டார்கள் என்பது பழைய விளக்கம். அதெல்லாம் இல்லை, கடலுக்கு அக்கரையில் ஜெர்மனிப் பக்கம் இருந்த பாணி என்று சில ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். எனக்குப் பழைய விளக்கம்தான் பிடிக்கும்.

உடைத்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் ரான்வர்த்துக்கும் சவுத்வோல்டுக்கும் போகவேண்டும், அதுவும் அந்த வரிசையில். ரான்வர்த், நார்ஃபோக்கின் ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். நான் சொன்ன மரத்தட்டி அங்கே கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டு ஓவியங்களோடு. நடுவில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். ஒரு பக்கம் புனித மிக்கேல், ஏழுதலை நாகத்தைக் காலடியில் போட்டு வாளை ஓங்கி நிற்கிறார். உடம்பெல்லாம் இறகு. நின்றுகொண்டே நடனமாடுவதுபோல் இருக்கும். தெற்குப் பக்கப் பீடத்துக்குப் பின்னால் குழந்தைகளோடு உட்கார்ந்த தாய்மார்களும், பிரசவத்துக்குத் துணையான புனித மார்கரெட்டும். பிள்ளை பெற்ற பெண்கள் நன்றி சொல்ல வந்த இடம் அது என்று கருதப்படுகிறது. தெம்பு இருந்தால் கோபுரத்தில் ஏறலாம். 89 படி, அப்புறம் இரண்டு ஏணி, ஒரு தூக்குக்கதவு. முட்டுவலிக்காரர்கள் கீழேயே நின்று தட்டியைப் பாருங்கள், ஒன்றும் நஷ்டமில்லை.

அதைப் பார்த்துவிட்டு சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்டுக்கு வந்தால் வயிற்றில் ஏதோ பிசையும். அதே மாதிரித் தட்டி, அதே தரமான வேலை, தங்கப் பூச்சு, ஆடை மடிப்பெல்லாம் அப்படியே இருக்கும். முகங்களை மட்டும் சுரண்டியிருக்கிறார்கள். படத்தை அழிப்பதானால் முழுவதும் அழித்திருக்கலாம், தட்டியையே எரித்திருக்கலாம். முகத்தை மட்டும் எடுத்தால் அது இனி புனிதர் இல்லை, வணங்க முடியாது, சட்டப்படி வேலை முடிந்தது. மரம் மிச்சம். செய்தவர்கள் வெளியூர்ப் படையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பல ஊர்களில், தாத்தா காசு கொடுத்து வரையச்சொன்ன முகத்தைப் பேரன் உளியால் சுரண்டியிருக்கிறான், பயத்தாலோ நம்பிக்கையாலோ.

வெளியூரிலிருந்து வந்து உடைத்தவர் என்றால் வில்லியம் டவ்சிங். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643-44இல், பாராளுமன்றப் பக்கத்தின் ஆணையோடு கேம்பிரிட்ஜ்ஷயரிலும் சஃபோக்கிலும் சர்ச் சர்ச்சாகப் போய் மிஞ்சிய படங்களை உடைத்தார். 250க்கு மேற்பட்ட இடங்கள். எங்கே எத்தனை உடைத்தேன் என்று நாட்குறிப்பும் எழுதிவைத்தார். சஃபோக்கின் சதுப்புநிலக் கரையில் பிளைத்பர்க் என்று ஒரு சர்ச் இருக்கிறது. 1644 ஏப்ரலில் அங்கேயும் வந்தார். கூரையில் இருபது தேவதூதர்களை இறக்கச் சொல்லி உத்தரவு போட்டதாக எழுதியிருக்கிறார். கண்ணாடியும் கல்லெழுத்தும் போயின. ஆனால் தேவதூதர்கள் இன்னும் கூரையில் இருக்கிறார்கள். மரச்சிறகை விரித்து, மங்கிய நிறத்தோடு, இரண்டு பக்கமும் முகம் காட்டி வரிசையாகப் பறக்கிறார்கள். உயரம் அதிகம், ஏணி போட்டு இறக்குவது யார் என்று ஊர்க்காரர்கள் சாக்குச் சொல்லி விட்டிருக்கலாம்.

அந்தச் சிறகுகளில் ஈயக்குண்டுகள் பாய்ந்திருக்கின்றன. டவ்சிங்கின் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டது என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். பிறகு பார்த்தால் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூரையில் கூடுகட்டிய காக்கை இனப் பறவைகளைச் சுடுவதற்கு மருந்தும் குண்டும் வாங்கிய செலவு சர்ச்சின் 1761ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இருக்கிறது. எல்லா ஓட்டையையும் ஒரே வில்லன் தலையில் கட்டுவது எளிது. இங்கே இருந்த வில்லனே போதுமானவர். அதே சர்ச்சின் வடக்குக் கதவில் கருகிய கோடுகளைக் காட்டி, 1577 ஆகஸ்ட் 4ஆம் தேதி இடிமழையில் உள்ளே பாய்ந்த கருப்புப் பேய்நாயின் நகக்கீறல் என்பார்கள். அன்று புயலடித்துக் கோபுரத்தின் கூம்பு விழுந்தது நிஜம். நாயை உங்கள் பிள்ளைகளுக்கு விட்டுவிடுகிறேன்.

பழசுதான் வேண்டும் என்பதில்லை. கென்ட்டில் டூட்லி என்ற குக்கிராமத்துச் சர்ச்சில் 12 ஜன்னல்களும் ஓவியர் மார்க் ஷகால் செய்தவை. 1963இல் படகு விபத்தில் மூழ்கி இறந்த ஓர் இளம்பெண்ணின் பெற்றோர் அவள் நினைவாக ஒரு ஜன்னல் கேட்டார்கள். அதை 1967இல் வைக்க வந்தவர் அந்த இடத்தைப் பார்த்து, மற்றவற்றையும் தானே செய்கிறேன் என்றார். கடைசி ஜன்னல்கள் 1985இல் வந்தன, அவர் இறந்த வருடம். வெயில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். தரையெல்லாம் நீலமாக இருக்கும். அதே கென்ட்டில், ராம்னி மார்ஷ் சமவெளியில் ஃபேர்ஃபீல்டு சர்ச். சுற்றிலும் ஊரே இல்லை. வாய்க்காலுக்கும் செம்மறிகளுக்கும் நடுவே தனியாக நிற்கும். இரண்டும் ஒரே நாளில் முடியும்.

நம் ஊர்த் தொடர்பு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் சாகும்போது சொந்தக் கிராமத்துச் சர்ச்சுக்குத்தான் வந்தார்கள். சுவர்களில் உள்ள பளிங்குப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் மெட்ராஸும் திருச்சினாப்பள்ளியும் எதிர்பாராத இடங்களில் தட்டுப்படும். 1751இல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவ், ஷ்ராப்ஷயரில் மார்ட்டன் சே என்ற சின்ன ஊரின் சர்ச்சுக்குள் எங்கோ புதைக்கப்பட்டிருக்கிறார். 'எங்கோ' என்று சொல்வதற்குக் காரணம், கல்லறைக்கு அடையாளமே வைக்கவில்லை. சின்னப் பலகை ஒன்று மட்டும் இருக்கிறது. 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், டார்செட்டில் பிளாண்ட்ஃபோர்டு செயின்ட் மேரியில். அவர் அப்பா அந்தச் சர்ச்சின் குருவானவர். மெட்ராஸில் வாங்கிய பெரிய வைரத்தைப் பிரான்ஸுக்கு விற்றார், அது இன்று லூவரில் இருக்கிறது. இதற்காகவே தனியாக அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.

நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி பக்கத்து நண்பர்களை அழைத்துப்போனால் அவர்களுக்கு இந்தக் கூர்வளைவும் கோபுரமும் பழகிய வீடுபோல இருக்கும். அங்கே கட்டிய மிஷனரிகள் மனதில் வைத்திருந்த அச்சு இதுதான்.

கையில் என்ன கொண்டுபோவது? டார்ச் சொல்லிவிட்டேன். கூரையைப் பார்க்கச் சின்ன பைனாக்குலர் ஒன்று, இது இல்லாமல் பிளைத்பர்க்கில் பாதி வீண். ஸ்வெட்டர், மே மாதமானாலும். கல் கட்டடம் குளிர்காலக் குளிரை வெகுநாள் உள்ளே வைத்திருக்கும். விளக்கு சுவிட்ச் பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும், டைமர் வைத்தது, தானாக அணைந்துவிடும். கழிப்பறையை நம்பிப் போகாதீர்கள். பெஞ்சுகள்மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தால் வௌவால் எச்சத்துக்காக. சட்டம் வௌவாலைக் காப்பாற்றுகிறது, விரட்ட முடியாது. ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் பழகிக்கொள்ளுங்கள். கருப்புச் சதுரத்தின்மேல் சிலுவை என்றால் கோபுரம் உள்ள சர்ச், வட்டத்தின்மேல் சிலுவை என்றால் கூம்பு உள்ளது. வெளியே கல்லறைத் தோட்டத்தில் யூ மரம் நிற்கும், நச்சுமரம், பிள்ளைகள் காயைப் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் கண் பார்க்கும், மனசு பார்க்காது.

உண்டியலில் ஏதாவது போடுங்கள். இது உபசாரத்துக்குச் சொல்வதில்லை. இந்தக் கட்டடங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் படியளப்பதில்லை. கூரை ஒழுகினால் ஊரில் மிச்சமிருக்கும் பத்திருபது வயதானவர்கள் கேக் விற்றும் மாரத்தான் ஓடியும்தான் காசு சேர்க்கிறார்கள். கூரையிலுள்ள ஈயத்தகட்டைத் திருடிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இப்போது பல இடங்களில் கார்டு தட்டும் மெஷின் வந்துவிட்டது, சில்லறை இல்லை என்ற சாக்கும் போயிற்று. சபையே இல்லாமல் மூடிய சர்ச்சுகளில் 350க்கு மேற்பட்டதை சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் எடுத்துப் பராமரிக்கிறது, 1969இல் தொடங்கியது. அவர்களுடைய சர்ச்சுகள் பெரும்பாலும் தினமும் திறந்திருக்கும். சிலவற்றில் கோடையில் இரவு படுத்துத் தூங்கவே வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உங்கள் முதுகுக்குப் பிடிக்காது.

ஞாயிறு காலை ஆராதனை நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஒரே குருவானவர் ஏழெட்டு ஊருக்குப் பொறுப்பாக இருப்பதால் எல்லா ஊரிலும் எல்லா ஞாயிறும் ஆராதனை இருக்காது, பலகையில் அட்டவணை ஒட்டியிருக்கும். வாரநாள் சாயங்காலம் மணிப்பயிற்சி நடந்தால் நின்று கேளுங்கள். அவர்கள் பாட்டு அடிப்பதில்லை, மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். கோபுரத்தில் ஆறு மணிகள் இருந்தால் 720 வரிசை, ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடித்து முடிக்க அரைமணி நேரம் பிடிக்கும். எதிரில் நிற்பவரைக் கேட்டால் மேலே ஏறிவந்து பார்க்கச் சொல்வார்கள்.

தொடங்குவதற்கு என் யோசனை: முதல் சனிக்கிழமை ஆஷ்வெல் ஒன்று மட்டும். அதற்கடுத்து சால்டன். இரண்டும் பிடித்திருந்தால் ஒரு நீண்ட வார இறுதியில் லாவன்ஹாம், லாங் மெல்ஃபோர்டு, அங்கிருந்து ரான்வர்த், பிறகு கடற்கரைக்குப் போய் சவுத்வோல்டு, பிளைத்பர்க். பிடிக்காவிட்டால் ரான்வர்த் வரை வண்டி ஓட்டும் சிரமம் மிச்சம். இன்னொன்று, செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை சர்ச் பராமரிப்புக்குக் காசு சேர்க்க சைக்கிளிலும் நடந்தும் ஊர் ஊராகப் போவார்கள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் சர்ச்சுகள்கூட அன்று திறந்திருக்கும். வாசலில் மேசை போட்டு ஜூஸும் பிஸ்கட்டும் வைத்து ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்கும் போகாத அந்தக் குட்டிக் கதவு எங்கே இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.